திருவனந்தபுரம் வழியா அலுவல் பயணம்: எந்த ஏர்லைன்ஸ் மைல்ஸ் திட்டத்துல சேரணும்?

கருங்கல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துல ஒரு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலை) வேலை பாக்குறேன். இதுவரைக்கும் வேலைக்காகப் போனதுன்னா தூத்துக்குடி துறைமுகமும் கொல்லமும்தான். இந்த வருஷம் முதலாளி தோட்டண்டி (ஓடு உடைக்காத முந்திரிக்கொட்டை) வாங்குற பொறுப்பை என்கிட்ட தந்திருக்காங்க. பிப்ரவரியில மேற்கு ஆப்பிரிக்கா சீசன் தொடங்குனா ஐவரி கோஸ்ட், கானா. அக்டோபருக்குப் பிறகு தான்சானியா. நடுவுல முந்திரிப்பருப்பு விக்கிற விஷயமா துபாய், மும்பை, டெல்லி.

டிக்கெட் போடுற ஏஜெண்ட், "ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாரு. அதாவது, பறக்கப் பறக்கப் புள்ளி (மைல்ஸ்) சேருற ஏர்லைன்ஸ் திட்டத்தோட உறுப்பினர் எண். இல்லைன்னேன். "எமிரேட்ஸ், கத்தார், ஏர் இந்தியா, இண்டிகோ எல்லாத்துலயும் சேர்ந்துருங்க, சும்மாதானே"ன்னாரு. எல்லாத்துலயும் சேர்ந்தா பலன் உண்டா, இல்ல ஒண்ணுல நின்னா போதுமா? இன்னொரு சந்தேகம்: கம்பெனி பணத்துல போற பயணத்துக்கு மைல்ஸ் என் பேர்ல ஏறலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குளச்சல்_கரை:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸ்ல சேரு. திருவனந்தபுரத்துல ஏறினா நேரா துபாய். அங்கிருந்து அக்ரா (கானா), அபிஜான் (ஐவரி கோஸ்ட்), தார் எஸ் சலாம் (தான்சானியா) எல்லாத்துக்கும் அவங்களுக்கே விமானம் இருக்கு. ஃப்ளைதுபாய்ல போனாலும் அதே கணக்குல மைல் ஏறும். சில்வர் உறுப்பினர் ஆயிட்டா எடைக்கணக்குல (பெட்டியை எண்ணாம மொத்தக் கிலோ பாக்குறது) போற வழியில 12 கிலோ கூடுதல், கோல்டுக்கு 16 கிலோ. நம்ம ஊர்ல இருந்து போறவனுக்கு லவுஞ்சுல காப்பி குடிக்கிறதைவிட பெட்டியில 12 கிலோ கூட வைக்கிறதுதான் பெரிசு. நான் வளைகுடாவுல இருந்த காலம் முழுக்க அப்படித்தான் பாத்தேன்.

தக்கலை_மேற்கு:

குளச்சல் அண்ணாச்சி சொன்ன பெட்டி எடை சரியான கணக்கு. ஆனா அந்த சில்வர் வரைக்கும் தம்பி எட்டுவாரான்னு முதல்ல பாக்கணும். நான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

இந்தத் திட்டங்கள்ல ரெண்டு வேற வேற சங்கதி இருக்கு. ஒண்ணு, சேருற புள்ளி. அதைக் குடுத்து டிக்கெட் வாங்கலாம், சீட்டை உயர்த்திக்கலாம். இன்னொண்ணு, படி. சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு ஏறுறது. கூடுதல் பெட்டி, தனி வரிசை, லவுஞ்சு, விமானம் ரத்தாகும்போது முன்னுரிமை இதெல்லாம் படியில இருந்து வருது, புள்ளியில இருந்து இல்ல. வேலைக்காகப் பறக்குறவனுக்குப் படிதான் பயன். படியோ வருஷாவருஷம் கணக்குப் பாக்குறது. நாலு திட்டத்துல சிதறினா நாலுலயும் அடிப்படியிலயே நிப்பீங்க. அதனால ஏஜெண்ட் சொன்ன "எல்லாத்துலயும் சேரு"ங்கிறது எனக்கு ஒப்புதல் இல்ல. சேருறது இலவசம்தான், ஆனா நம்பர் எங்க போடுறோங்கிறதுல கவனம் வேணும்.

இப்ப ஸ்கைவார்ட்ஸைப் பாருங்க. சில்வருக்கு 25,000 டியர் மைல் (படி ஏறுறதுக்கு எண்ணுற மைல்) இல்லேன்னா 25 பறப்பு. கோல்டுக்கு 50,000 இல்லேன்னா 50. கருங்கல்காரன் ஒரு ஆப்பிரிக்கப் பயணம் போனா திருவனந்தபுரம்-துபாய், துபாய்-அபிஜான், திரும்ப அதே ரெண்டு, ஆக நாலு பறப்பு. வருஷத்துக்கு அப்படி மூணு தடவை போனா 12. துபாய்க்கு மட்டும் ரெண்டு தடவைன்னா இன்னும் 4. மொத்தம் 16. இருபத்தஞ்சுக்கு இன்னும் தூரம் கிடக்கு. மைல் கணக்குல எட்டலாம், ஆனா அது டிக்கெட் வகையைப் பொறுத்தது. ஸ்பெஷல், சேவர், ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் பிளஸ்னு நாலு விலை இருக்கு. கம்பெனி மலிவான ஸ்பெஷல் எடுத்தா மைலும் கொஞ்சம்தான் ஏறும். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலயும் (ஒருத்தர் விமானத்துல போனா இன்னொருத்தர் திட்டத்துல புள்ளி ஏறுற ஏர்லைன்ஸ் குழு) இல்லாததால, வேற விமானத்துல போனது பொதுவா இந்தப் படிக்கு உதவாது.

கத்தாரோட பிரிவிலேஜ் கிளப் வேற மாதிரி. சில்வருக்கு 150 கியூபாயின்ட் (அவங்க படிக்கு எண்ணுற புள்ளி), கோல்டுக்கு 300. 2013 அக்டோபர்ல இருந்து அவங்க ஒன்வேர்ல்டு கூட்டணியில இருக்காங்க. நம்ம திருவனந்தபுரத்துல இறங்கி ஏறுற விமானங்களையே எண்ணிப் பாருங்க: தோஹாவுக்கு கத்தார், கொழும்புக்கு ஸ்ரீலங்கன், கோலாலம்பூருக்கு மலேசியா ஏர்லைன்ஸ், மஸ்கட்டுக்கு ஓமன் ஏர். ஓமன் ஏர் 2025 ஜூன்லதான் ஒன்வேர்ல்டுல சேர்ந்தது. நாலும் ஒரே கூட்டணி. ஒரே கத்தார் நம்பரை நாலுலயும் போடலாம். முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில வியட்நாம்தான் உலகத்துல முதலிடம். இன்னைக்கு இல்லாட்டாலும் நாளைக்கு உங்களை மெஷின் பாக்க ஹோ சி மின் நகரத்துக்கு அனுப்பத்தான் செய்வாங்க. அதுக்கும் கோலாலம்பூர் வழி இருக்கு.

அபிஜானுக்கும் தார் எஸ் சலாமுக்கும் தோஹாவுல இருந்து கத்தார் போகுது. அதனால என் ஓட்டு பிரிவிலேஜ் கிளப்புக்கு.

அருமனை_டெக்:

தக்கலை அண்ணே, ஒரு பெரிய பேரை விட்டுட்டீங்களே. ஆப்பிரிக்கான்னா எத்தியோப்பியன்தான். அடிஸ் அபாபாவுல இறங்கினா அபிஜான், அக்ரா, தார் எஸ் சலாம் எங்க வேணும்னாலும் போகலாம். அவங்க ஸ்டார் அலையன்ஸ்ங்கிற கூட்டணி. ஏர் இந்தியாவும் 2014 ஜூலையில இருந்து ஸ்டார் அலையன்ஸ். அப்ப டெல்லி, மும்பைக்கு ஏர் இந்தியா, ஆப்பிரிக்காவுக்கு எத்தியோப்பியன், சிங்கப்பூர் போனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எல்லாம் ஏர் இந்தியாவோட ஒரே மகாராஜா கிளப் நம்பர்ல ஏறும். ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்னு இருந்ததைத்தான் 2025ல மகாராஜா கிளப்னு பேர் மாத்தினாங்க.

ஸ்டார் அலையன்ஸோட கோல்டு படி கிடைச்சா கூட்டணியில எந்த விமானத்துல போனாலும் லவுஞ்சு, தனி செக்-இன், எடைக்கணக்குல 20 கிலோ கூடுதல். குளச்சல் அண்ணாச்சி சொன்ன பெட்டி விஷயத்துக்கு இதைவிட நல்ல பதில் எங்க இருக்கு? உள்நாடும் வெளிநாடும் ஒரே குடையில வர்றது புதுசா பறக்கத் தொடங்குறவருக்கு ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன்.

தக்கலை_மேற்கு:

அருமனைத் தம்பி, நீங்க சொல்றது கணக்குக்கு அழகா இருக்கு. நீங்க பெங்களூருல இருந்து பறக்குறவரா இருந்தா நானும் அதையே சொல்வேன். நம்ம கதை வேற. எத்தியோப்பியன் பிடிக்க இவர் முதல்ல மும்பைக்கோ டெல்லிக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ போகணும். கருங்கல்ல இருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் இருக்கிற சங்குமுகம் வரைக்கும் களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு அந்த நெரிசல்ல ஊர்ந்து போய், உள்நாட்டு விமானம் ஏறி, அங்க இறங்கி டெர்மினல் மாறி, குடிநுழைவு முடிச்சு, நடுராத்திரி அடிஸ் விமானம். தோஹா வழியா போறவர் அதுக்குள்ள பாதி தூரம் போயிருப்பாரு.

அதைவிட முக்கியம், உள்நாட்டு டிக்கெட்டைத் தனியா எடுத்தா வர்ற ஆபத்து. ரெண்டும் ஒரே பிஎன்ஆர்ல (முன்பதிவு எண்) இல்லேன்னா முதல் விமானம் தாமதமானதுக்கு ரெண்டாவது ஏர்லைன்ஸ் பொறுப்பு ஏற்காது. பெட்டியையும் நடுவுல எடுத்துத் திரும்பப் போடணும். திருவனந்தபுரத்துல உள்நாட்டுக்கு இண்டிகோதான் கூடுதல். அது ஸ்டார்லயும் இல்ல, ஒன்வேர்ல்டுலயும் இல்ல. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் இல்ல. பேருல ஏர் இந்தியா இருக்கேன்னு பலபேர் குழம்புறாங்க. ஆக "ஒரே குடை" நம்ம விமான நிலையத்துல முழுசா விரியாது.

திட்டத்தோட விளம்பரத்தைப் பாத்து விமானத்தைத் தேடாதீங்க. வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையத்துல இருந்து, நீங்க போகவேண்டிய ஊருக்கு, ஒரே மாறுதல்ல யாரு கொண்டுபோறாங்கன்னு பாருங்க. அதுல ரெண்டு மூணு பேர் தேறுவாங்க. அந்த மூணுக்குள்ள மட்டும் திட்டத்தை ஒப்பிடுங்க.

கருங்கல்காரன்:

ரொம்ப நன்றி அண்ணே, அண்ணாச்சி. சீசன் நேரத்துல தோட்டண்டி வெட்டிப் பாக்குற கத்தி, சின்னத் தராசு, ஈரம் பாக்குற மீட்டர் எல்லாம் கூடவே வரும். அதனால பெட்டி ஒரே டேக்ல அபிஜான் வரைக்கும் போறது எனக்குப் பெரிய விஷயம். இதை நான் யோசிக்கவே இல்ல.

லீவு போட்டுக் குறிச்ச தேதியில போற ஆள் இல்ல நான், தேதி அடிக்கடி மாறும். கப்பல் வர்றது, விலை பேசி முடியுறது, எதுவும் என் கையில இல்ல. அதுக்கு ஏத்த டிக்கெட் எதுன்னும் சொல்லுங்க. கம்பெனி பணம், என் மைல்ஸ் பத்தின கேள்விக்கும் இன்னும் பதில் வரல.

மார்த்தாண்டம்_தணிக்கை:

அந்தக் கேள்விக்கு நான் வர்றேன். மைல்ஸ் எப்பவும் பறக்குற ஆளோட பேர்லதான் ஏறும், காசு யாரு கட்டினாலும் சரி. அதை நீங்க சொந்தமா பயன்படுத்தலாமாங்கிறது உங்க கம்பெனி விதி. முதலாளிகிட்ட முதல் பயணத்துக்கு முன்னாலேயே வாய்விட்டுக் கேட்டுருங்க தம்பி. கம்பெனிக்கும் தனியா சேர வழி இருக்கு: எமிரேட்ஸ்ல பிசினஸ் ரிவார்ட்ஸ், கத்தார்ல பியாண்ட் பிசினஸ். கம்பெனி அதுல சேர்ந்தா அவங்களுக்கு ஒரு பங்கு, உங்க உறுப்பினர் கணக்குல உங்க பங்கு. முதலாளிகிட்ட பேச இது நல்ல தொடக்கமா இருக்கும்.

அதோட, டிக்கெட் போடும்போது கம்பெனியோட ஜிஎஸ்டி எண்ணைக் கட்டாயம் குடுக்கச் சொல்லுங்க. எகானமிக்கு 5 சதவீதம் வரி. பலரும், விமானம் ஏறுறது கேரளாவுல, நம்ம பதிவு தமிழ்நாட்டுல, அதனால உள்ளீட்டு வரி வரவு (கட்டின வரியைக் கம்பெனி தன் வரியில கழிச்சுக்கிறது) கிடைக்காதுன்னு நினைச்சு விட்டுடுறாங்க. அப்படி இல்ல. பதிவு பெற்ற நிறுவனம் எடுக்கிற பயணிகள் டிக்கெட்டுக்கு வழங்கல் இடம் (வரிக்கணக்குல சேவை நடந்ததா எடுத்துக்கிற இடம்) அந்த நிறுவனம் இருக்கிற இடம்தான். எண் குடுக்காட்டாதான் ஏறுற இடம் கணக்குல வரும். கருங்கல் கம்பெனிக்கு அந்த வரவு முறையா கிடைக்கும். வருஷம் முழுக்க உள்ள டிக்கெட்டுக்குக் கூட்டிப் பாத்தா, நீங்க சேக்குற மைல்ஸைவிட முதலாளிக்கு இது பெரிய தொகையா நிக்கும்.

இனி மிக முக்கியமான ஒண்ணு. பேர். பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்க, சர்நேம் கட்டத்துல ஏதாவது இருக்கா? நம்ம பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கட்டம் காலி. இனிஷியல் மட்டும் சர்டிபிகேட்ல இருக்கும். மைல்ஸ் திட்டத்துல சேரும்போது படிவம் சர்நேம் கேக்கும். ஒருத்தர் இனிஷியலைப் போடுவார், ஒருத்தர் அப்பா பேரைப் போடுவார், ஏஜெண்ட் டிக்கெட்டுல பேரையே ரெண்டு தடவை போட்டிருப்பார். டிக்கெட்டுல உள்ள பேரும் கணக்குல உள்ள பேரும் பொருந்தலேன்னா மைல் ஏறாது. பிறகு பேரை மாத்தச் சொல்லி மெயில் அனுப்பிட்டே இருக்கணும்.

துபாய்க்கு இது இன்னும் கண்டிப்பு. 2022 நவம்பர்ல இருந்து, பாஸ்போர்ட்ல ஒற்றைப் பேர் மட்டும் இருக்கிறவங்களை விசிட் விசாவுல அமீரகத்துக்குள்ள விடுறதில்ல. கடைசிப் பக்கத்துல உள்ள அப்பா பேரையோ குடும்பப் பேரையோ ஏத்துக்கலாம்னு பிறகு விளக்கம் தந்தாங்க. வேலைக்காக ஊர் ஊராப் போகப்போறீங்க. உங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலின்னா, அப்பா பேரைச் சர்நேமா சேர்த்து மறுவெளியீட்டுக்கு இப்பவே விண்ணப்பம் போடுங்க. நம்ம மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்துக்குக் கீழ. புது பாஸ்போர்ட் கையில வந்த பிறகு, அதுல உள்ள எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி மைல்ஸ் கணக்கைத் திறங்க. முதல்ல கணக்கு, பிறகு பாஸ்போர்ட்னு போகாதீங்க.

குளச்சல்_கரை:

தங்கச்சி சொன்ன பேர் விஷயம் நூத்துக்கு நூறு. கவுன்டர்ல நின்னு தவிச்ச எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்.

தக்கலை தம்பிக்கு ஒரு பதில். பறப்பு எண்ணி சில்வர் வராதுன்னு சொன்னீங்க, சரி. ஆனா அபிஜான் தூரம் நீளம். கம்பெனி ஃப்ளெக்ஸ் எடுத்தா மைல் கணக்குல வந்துரும். இவரோ தேதி மாறும்னு சொல்றாரு. அப்ப ஸ்பெஷல் டிக்கெட் இவருக்கு ஆகவே ஆகாது. மாத்துறதுக்குக் கட்டுற காசுல புது டிக்கெட்டே வரும். ஃப்ளெக்ஸ்தான் எடுக்கணும், எடுத்தா மைலும் நிறைய ஏறும். இந்த விஷயத்துல நான் எமிரேட்ஸை விட்டுத்தர மாட்டேன்.

தக்கலை_மேற்கு:

ஒத்துக்கிடுறேன் அண்ணாச்சி. தேதி மாறுறவருக்கு ஃப்ளெக்ஸ், அதுல சில்வர் எட்டும் வாய்ப்பு உண்டு. கத்தார்லயும் மாத்திக்கிட வசதியான விலை வகை உண்டு, அதுலயும் புள்ளி கூடுதல். ரெண்டு ஏர்லைன்ஸ் தளத்துலயும் மைல் கணக்கிடுற கருவி இருக்கு. கருங்கல்காரன், போகப்போற ஊர்களையும் டிக்கெட் வகையையும் அதுல போட்டு, வரப்போற வருஷத்துக்கு மொத்தம் பாருங்க. எதுல முதல்ல சில்வர் வருதோ அது. பிரிவிலேஜ் கிளப் சில்வருக்கு ஒன்வேர்ல்டு கூட்டணியில ரூபிங்கிற படி, கோல்டுக்கு சஃபயர்ங்கிற படி. சஃபயர் வந்தா எகானமியில போனாலும் கூட்டணி லவுஞ்சு திறக்கும். அந்த ஒண்ணுதான் எமிரேட்ஸால தர முடியாதது.

வடசேரிக்காரி:

எல்லாரும் சேக்குறதைப் பத்தியே பேசுறீங்க. செலவழிக்கிறதைப் பத்தியும் கொஞ்சம்.

கோயில் நகை விஷயமா சிங்கப்பூர் போய்வர்றவ நான். சேத்த புள்ளிக்கு ஆயுசு உண்டு. ஸ்கைவார்ட்ஸ் மைல் சுமார் மூணு வருஷம், உங்க பிறந்த மாசக் கடைசியில காலாவதி ஆகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃப்ளையரும் மூணு வருஷம். கத்தாரோட புள்ளியான ஏவியாஸ் மட்டும் வேற: 36 மாசத்துக்குள்ள ஒரு சின்ன வரவோ செலவோ இருந்தா மொத்தமும் உயிரோட இருக்கும். சீசனுக்கு சீசன் பறக்குறவருக்கு இந்த விதி ரொம்ப சாதகம். இதைத் தக்கலை அண்ணன் சொல்லியிருக்கணும்!

ஆயுசு புள்ளிக்கு மட்டும் இல்ல, ஏர்லைன்ஸுக்கும் உண்டு. கிங்ஃபிஷர் 2012ல நின்னப்ப அதுல சேத்தவங்க புள்ளி அதோட போச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ல நின்னுது. அதோட புள்ளித் திட்டம் தனிக் கம்பெனியா இருந்ததால தப்பிச்சுது, ஆனா ஜெட் விமானத்துல உக்காரத்தான் முடியல. விஸ்தாரா 2024 நவம்பர் 12ல ஏர் இந்தியாவோட சேர்ந்தது, புள்ளிகளும் அங்க மாறிச்சு. அதனால புள்ளியை வங்கி வைப்பு மாதிரி வருஷக்கணக்கா பூட்டி வைக்காதீங்க. சேந்ததும் செலவழிங்க.

எப்ப செலவழிக்கிறதுங்கிறதும் கணக்கு. நம்ம மாவட்டத்துல கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர்றவங்க கூட்டம், ஓணம், மே மாச லீவு, இந்தச் சமயத்துல புள்ளி டிக்கெட் தேடினா கிடைக்காது. ஜூலை, செப்டம்பர் பாருங்க. புள்ளியில எடுத்தாலும் வரியும் கட்டணமும் கையில இருந்துதான் போகும், அது சிலநேரம் சின்னத் தொகையா இருக்காது. ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் அமுக்கணும். ரெண்டு ஏர்லைன்ஸ்லயும் குடும்பக் கணக்கு உண்டு. அம்மா அப்பாவோட பயணப் புள்ளியும் ஒண்ணா சேரும்.

அருமனை_டெக்:

அக்கா சொன்ன ஏவியாஸ் விதி எனக்குத் தெரியாது, நல்ல தகவல். என் ஓட்டை இன்னும் ஸ்டார்லதான் வெச்சிருக்கேன். ஆனா அது சென்னை, பெங்களூர் வழியா அடிக்கடி போறவங்களுக்கு. திருவனந்தபுரத்தையே நம்பி இருக்கிறவருக்குத் தக்கலை அண்ணன் சொன்ன வழி சரிதான்.

உள்நாட்டுக்கு இண்டிகோவோட புளூசிப்ல சேர்ந்துருங்க கருங்கல்காரன். எப்படியும் அதுலதான் மும்பை, டெல்லி போவீங்க. அது தனிக்கணக்கு, வெளிநாட்டுக் கணக்கோட மோதாது.

கருங்கல்காரன்:

எல்லாரும் சொன்னதை வெச்சு உக்காந்து கணக்குப் போட்டேன். பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம் காலிதான். மார்த்தாண்டம் அக்கா சொன்ன மாதிரி முதல்ல அதுக்கு விண்ணப்பம். முதலாளிகிட்ட ஜிஎஸ்டி விஷயத்தைச் சொன்னதும், ஆடிட்டரைக் கூப்பிட்டுப் பேசினாங்க. மைல்ஸ் நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. வெளிநாட்டுக்குக் கத்தார், உள்நாட்டுக்கு இண்டிகோ. அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதீங்க, துபாய்க்கு மட்டும் போற தடவை எமிரேட்ஸ்லதான் போவேன், அதுக்கு ஸ்கைவார்ட்ஸ் நம்பரும் எடுத்து வெச்சுக்கிடுறேன்.

கடைசியா ஒண்ணு. நம்பர் போட மறந்துட்டா, பயணம் முடிஞ்ச பிறகு மைல் கேட்டு வாங்க முடியுமா?

குளச்சல்_கரை:

கோவம் எதுக்கு மக்களே. நல்லா யோசிச்சு எடுத்திருக்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுட்டியா? அந்த அட்டை இல்லாம அபிஜான்ல உள்ள விடமாட்டான். ஊசி போட்டு 10 நாள் ஆனாத்தான் செல்லும், அதனால பயணத்துக்கு முந்தின வாரம் ஓடாத. ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் போதும்.

பங்குனி, ஐப்பசி ஆறாட்டு நாள்ல பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதை வழியாத்தான் சங்குமுகம் போகும். அன்னைக்குச் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. அந்தத் தேதியில இணைப்பு விமானம் போட்டா ஏஜெண்ட்கிட்ட நேரம் கேட்டுக்கோ.

தக்கலை_மேற்கு:

விட்டுப்போன மைலைக் கேட்டு வாங்கலாம், அதுக்குக் காலக்கெடு உண்டு. ஊருக்குத் திரும்பின வாரமே செஞ்சுருங்க. தளத்துல "விடுபட்ட புள்ளி கோரிக்கை"ங்கிற மாதிரி ஒரு பக்கம் இருக்கும். போர்டிங் பாஸ்ல உள்ள இருக்கை எண், பறப்பு எண், தேதி, அப்புறம் 13 இலக்க டிக்கெட் எண் கேக்கும். பிஎன்ஆர் வேற, டிக்கெட் எண் வேற. கத்தார் டிக்கெட் 157ல தொடங்கும், எமிரேட்ஸ் 176, ஏர் இந்தியா 098. ஏஜெண்ட் அனுப்புற தாள்ல அந்த எண் இல்லேன்னா கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. போர்டிங் பாஸை மைல் ஏறுற வரைக்கும் தூரப் போடாதீங்க, போன்ல ஒரு படமும் எடுத்துக்கோங்க. அதே கூட்டணியில உள்ள வேற ஏர்லைன்ஸ் விமானத்துல போன மைல் ஏற ஒண்ணு ரெண்டு வாரம்கூட ஆகலாம், அதுவரைக்கும் பொறுங்க.

கத்தியும் தராசும் பெரிய பெட்டியில போகட்டும். கைப்பெட்டியில வெச்சா பாதுகாப்புச் சோதனையில கத்தியை எடுத்து வெச்சுடுவாங்க.